கடை போர்டு மாக்கப்: எழுத்து சுவரை விட்டு எழுந்து நிற்பது எப்படி?

புதுக் கடைக்கு போர்டு செய்யக் கொடுத்தால் முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். கடை முகப்பின் போட்டோ, அதன்மேல் இன்னும் செய்யாத போர்டு, அதில் தங்க நிறத்திலோ சிவப்பிலோ புடைத்த எழுத்து. இதைத்தான் மாக்கப் என்கிறோம்: செய்யப்போகும் பொருள் இடத்தில் பொருத்தியபின் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே காட்டும் படம். ‘3டி எஃபெக்ட் போட்டிருக்கு சார்’ என்ற குறிப்பும் கூடவே வரும். உற்றுப் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் மினுங்குகிறது. ஆனால் எழுத்து போர்டின்மேல் நிற்கவில்லை, ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

இந்தக் குறை சாஃப்ட்வேரால் வருவதில்லை. ‘3டி’ என்பது எழுத்துக்குள் போட வேண்டிய ஏதோ ஒன்று என்ற எண்ணத்தால் வருகிறது. எழுத்துக்கு ஆழம் இருக்கிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்வது எழுத்தைவிட அதன் பின்னால் இருக்கும் பரப்புதான். எழுத்து எந்த வெளிச்சத்தை மறைக்கிறது, அந்த மறைப்பு போர்டில் எங்கே, எவ்வளவு நீளத்துக்கு விழுகிறது என்பதிலிருந்தே நம் கண் ஆழத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. ஃபோட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன். பிரௌசரிலேயே இலவசமாக ஓடும் ஃபோட்டோபியாவிலும் ஏறத்தாழ இதே மெனுக்கள்தான். கிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரில் பெயர்கள் கொஞ்சம் மாறும், கணக்கு மாறாது.

சுவிட்ச்போர்டும் செல்போன் டார்ச்சும்

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் உள்ள சுவிட்ச்போர்டுக்கு மேலே இடப்பக்கமாக செல்போன் டார்ச்சைப் பிடியுங்கள். சுவிட்ச்போர்டின் முன்பரப்பை மட்டும் பார்த்தால் அது அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறதா, இரண்டு அங்குலமா என்று சொல்ல முடியாது. வெறும் வெள்ளைப் பரப்பு, அவ்வளவுதான். கீழே வலப்பக்கம் சுவரில் விழுந்திருக்கும் நிழலைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. டார்ச்சைச் சுவரை ஒட்டிக் கொண்டுபோனால் நிழல் நீள்கிறது. நேர் எதிரே கொண்டுவந்தால் குறுகி மறைகிறது.

இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள். நிழல் சுவிட்ச்போர்டை விட்டு விலகித் தனியாகக் கிடக்கவில்லை, அதன் ஓரத்திலிருந்தே தொடங்குகிறது. டார்ச்சுக்கு முன்னால் வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாகப் பிடித்தால் நிழலின் ஓரம் மங்கி மெத்தென்று ஆகிவிடும். ஆனால் சுவிட்ச்போர்டும் சுவரும் சந்திக்கும் இடுக்கில் ஒரு மெல்லிய கருங்கோடு அப்போதும் மிஞ்சி நிற்கும்.

கடை போர்டிலும் நடப்பது இதேதான். டார்ச்சின் இடத்தில் சூரியன், வேட்டி மறைத்த டார்ச்சின் இடத்தில் மேகம் மூடிய வானம்.

இரண்டு வகை நிழல்

வெளிச்சம் வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் நீளமாக விழுவதை விழுநிழல் என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் திசை உண்டு, நீளம் உண்டு. பொருளும் சுவரும் தொடும் இடுக்கில் தங்கும் மெல்லிய இருட்டை ஒட்டுநிழல் எனலாம். அந்த இடுக்குக்குள் எந்தப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் சரியாக நுழைய முடியாததால் அது உண்டாகிறது, அதற்குத் திசை கிடையாது.

நல்ல வெயிலில் இரண்டும் இருக்கும். மேகமூட்டத்திலும், சன்ஷேடுக்கு அடியிலும், ஆண்டின் பெரும்பகுதி நேரடி வெயில் படாத வடக்கு பார்த்த கடைகளிலும் ஒட்டுநிழலோடு சேர்த்து கீழ்ப்பக்கம் லேசான மங்கல் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட போட்டோவில் கூர்மையான விழுநிழலைப் போட்டால் என்ன தப்பென்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனாலும் நம்ப மாட்டார்.

அதனால் சாஃப்ட்வேரில் கை வைப்பதற்கு முன் போட்டோவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: போர்டு வரப்போகும் இடத்தில் வெயில் விழுகிறதா? தெருவில் வெயில் கொளுத்தினாலும் போர்டின் இடம் மேல்மாடி சன்ஷேடின் நிழலுக்குள் இருக்கலாம். மாக்கப்களில் அதிகம் தவறவிடப்படுவது இதைத்தான் என்பேன்.

ரெடிமேட் எஃபெக்ட்கள் என்ன செய்கின்றன

ஃபோட்டோஷாப்பில் படத்தை அடுக்கடுக்காக வைத்து வேலை செய்கிறோம். ஒவ்வோர் அடுக்கும் ஒரு லேயர். 1998இல் வந்த 5.0 பதிப்பில் லேயருக்கு ஒரே கிளிக்கில் நிழலும் புடைப்பும் தரும் எஃபெக்ட்கள் சேர்ந்தன. டிராப் ஷேடோவும், பெவல் அண்ட் எம்பாஸும் அன்றிலிருந்து போர்டு கடைகளை விட்டுப் போகவில்லை.

பெவல் அண்ட் எம்பாஸ் செய்வது இவ்வளவுதான்: எழுத்தின் ஓரத்தில் வெளிச்சப் பக்கம் ஒரு வெள்ளைப் பட்டையும் எதிர்ப்பக்கம் ஒரு கருப்புப் பட்டையும் தீட்டுகிறது. விளிம்பு சரிவாகச் செதுக்கப்பட்ட பொருள் அப்படித்தான் தெரியும். ஆனால் நாம் செய்யப்போவது அக்ரிலிக் ஷீட்டை லேசரில் வெட்டிய எழுத்து, அல்லது முன்னால் அக்ரிலிக்கும் பக்கத்தில் தகடும் வைத்த பெட்டி எழுத்து. அதன் விளிம்பு 90 டிகிரியில் மடிகிறது, சரிவே இல்லை. இல்லாத சரிவைத் தீட்டினால் எழுத்து மெழுகில் வார்த்த பொருளாகிவிடும். ஒரு பிக்சல் அகலத்துக்கு, விளிம்பில் வெளிச்சம் தட்டுவதைக் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் வேண்டாம்.

டிராப் ஷேடோ இன்னும் நுட்பமாக ஏமாற்றுகிறது. எழுத்தின் உருவத்தை ஒரு பிரதி எடுத்து, நிறத்தைக் கருப்பாக்கி, கொஞ்சம் நகர்த்தி, மங்கலாக்கி, பின்னால் வைக்கிறது. நிஜத்தில் எந்தப் பொருள் இப்படி நிழல் தரும்? காகிதத் தடிமனுள்ள தகடு, சுவரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் தரும். ஸ்பேசர் எனப்படும் குட்டிக் குழாய்களின்மேல் சுவரை விட்டு ஓர் அங்குலம் தள்ளிப் பொருத்தும் மெல்லிய எழுத்துக்கு அது ஏறத்தாழ சரி. போர்டோடு ஒட்டி நிற்கும் 2 அங்குலப் பெட்டி எழுத்துக்குத் தவறு. அங்கே எழுத்தின் அடியிலிருந்து முன்முகம் வரை மொத்தப் பக்கச்சுவரும் சேர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. எனவே நிழல் எழுத்தின் அடியோடு ஒட்டித் தொடங்கி, இடைவெளியே இல்லாத பட்டையாக நீள வேண்டும். டிராப் ஷேடோவின் டிஸ்டன்ஸை ஏற்ற ஏற்ற எழுத்து ‘மிதக்கிறதே’ என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அந்த எஃபெக்ட் மிதக்கும் தகட்டைத்தான் வரைந்துகொண்டிருக்கிறது.

சுருக்கமாக, இதுவரை: ஆழத்தைச் சொல்வது நிழல். வெயிலில் விழுநிழலும் ஒட்டுநிழலும், நிழலான இடத்தில் ஒட்டுநிழல் மட்டும். ஒட்டி நிற்கும் எழுத்தின் நிழல் அதன் அடியிலிருந்து பிரியாது.

நிழல் எவ்வளவு நீளம்? சன்ஷேடைக் கேளுங்கள்

‘கண்ணுக்கு நல்லா இருக்கிற மாதிரி’ நகர்த்திக்கொண்டே போவதைவிட அளந்துவிடுவது எளிது. அதற்கு இரண்டு அளவுகள் வேண்டும்.

முதலாவது ஸ்கேல்: போட்டோவில் ஓர் அங்குலம் எத்தனை பிக்சல்? பிக்சல் என்பது டிஜிட்டல் படத்தின் மிகச் சிறிய புள்ளி. கடையின் ஷட்டர் 10 அடி அகலம், போட்டோவில் அது 2000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் அடிக்கு 200 பிக்சல், ஓர் அங்குலத்துக்குச் சுமார் 17. போட்டோ எடுக்கப் போகும்போதே டேப்பால் ஷட்டரை அளந்துகொண்டு வந்துவிட்டால் இதில் குழப்பமே இல்லை.

இரண்டாவது விகிதம்: நீட்டிக்கொண்டிருக்கும் பொருளுக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதம். இதற்கு சூரியனின் கோணமெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அதே சுவரில் சன்ஷேடு 2 அடி நீட்டிக்கொண்டிருந்து, அதன் நிழல் சுவரில் 3 அடி இறங்கியிருந்தால், அந்த நேரத்தில் அந்தச் சுவரில் நீட்டியிருக்கும் எதற்கும் ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு நிழல். 2 அங்குல எழுத்துக்கு 3 அங்குலம், அதாவது 50 பிக்சல். சன்ஷேடு இல்லையென்றால் மீட்டர் பாக்ஸ், ஏசி அவுட்டோர் யூனிட், சுவரில் நீட்டியிருக்கும் பைப் எதுவானாலும் சரி. நிழல் பக்கவாட்டில் எவ்வளவு சாய்கிறது என்பதையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இன்னொரு சங்கதி உண்டு. உச்சி நேரத்தில் சூரியன் ஏறத்தாழ தலைக்கு மேலே நிற்பதால் வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும். அப்போது 2 அங்குல எழுத்தின் நிழல் அடுத்த வரி எழுத்துமேல்கூடப் போய் விழும். நிஜமாகவே அப்படித்தான் இருக்கும் என்றாலும் மாக்கப்புக்கு அது அசிங்கம். கிழக்கு பார்த்த கடை என்றால் காலை ஒன்பது, பத்து மணி வாக்கிலும், மேற்கு பார்த்தது என்றால் மாலை மூன்று, நான்கு மணி வாக்கிலும் போட்டோ எடுத்தால் நிழல் அடக்கமாக இருக்கும்.

ஓரம் எவ்வளவு மங்க வேண்டும்? சூரியன் வானத்தில் ஏறத்தாழ அரை டிகிரி அகலம்தான். அவ்வளவு சிறிய ஒளிமூலம் 2 அங்குல உயரத்திலிருந்து உண்டாக்கும் மங்கல், நம் ஸ்கேலில் ஒரு பிக்சல் அளவுக்கே வரும். வெயிலில் எடுத்த போட்டோவில் சிறிய எழுத்தின் நிழல் கத்தியால் அறுத்தமாதிரி இருப்பதே இயல்பு. எஃபெக்ட் தரும் புகைமூட்ட நிழல் வெயில் போட்டோவில் ஒட்டாததற்கு இது இன்னொரு காரணம்.

வரைவது சுலபம். எழுத்தின் உருவத்தை எடுத்து, மூவ் டூலில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கீழ் அம்பைத் தட்டினால் ஒரு பிக்சல் நகர்ந்த பிரதி உண்டாகும். நிழல் நீளம் வரும்வரை தட்டி, எல்லாப் பிரதிகளையும் ஒரே லேயராகச் சேர்த்துவிட்டால் இடைவெளி இல்லாத பட்டை தயார். சாய்ந்த நிழல் என்றால் பக்க அம்பையும் விகிதப்படி இடையிடையே தட்ட வேண்டும்.

நிழல் கருப்பு அல்ல

இனி அந்தப் பட்டைக்கு நிறம். பலரும் கருப்பை வைத்து ஒபாசிட்டியை, அதாவது லேயர் எவ்வளவு மறைக்கிறது என்ற அளவை, 50க்கு இறக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நிஜ நிழல் அப்படி இருப்பதில்லை. சூரிய வெளிச்சம் மறைந்த இடத்திலும் வானத்தின் வெளிச்சம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, வானமோ நீலம். ஆகவே வெயில் நிழலில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும்.

இதையும் போட்டோவிலிருந்தே எடுத்துவிடலாம். அதற்கு மல்டிப்ளை என்ற பிளெண்டிங் மோடைப் புரிந்துகொள்ள வேண்டும். பிளெண்டிங் மோட் என்றால் மேல் லேயர் கீழ் லேயரோடு எந்தக் கணக்கில் கலக்கிறது என்பது. படத்தில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மல்டிப்ளை மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுக்கிறது. விளைவு எப்போதும் கீழுள்ளதைவிட இருட்டாகவோ அதே அளவாகவோதான் இருக்கும். முக்கியமாக, கீழே இருக்கும் சுவரின் சொரசொரப்பும் கோடும் அழியாமல் அப்படியே தெரியும். நிஜ நிழலும் அதையேதான் செய்கிறது: பரப்பை மூடுவதில்லை, அதன்மேல் விழும் வெளிச்சத்தை ஒரு விகிதத்தில் குறைக்கிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஐடிராப்பர் டூலால் சுவரில் வெயில் விழும் இடத்தைத் தொட்டால் 220, 205, 180 என்று வருகிறது. அதே சுவரில் சன்ஷேடு நிழலுக்குள் தொட்டால் 110, 112, 118. நிழலின் எண்ணை வெயிலின் எண்ணால் வகுத்து 255ஆல் பெருக்குங்கள்: 128, 139, 167. இதுதான் உங்கள் நிழல் லேயரின் நிறம். நீலம் தூக்கலான சாம்பல். இதை 100 சதவீத ஒபாசிட்டியில் மல்டிப்ளையில் வையுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், சுவரின் நிறம் இந்தக் கணக்கில் கழிந்துபோய்விடுகிறது. மிஞ்சுவது வெளிச்சம் குறைந்த விகிதம் மட்டும். எனவே புது போர்டு மஞ்சளாக இருந்தாலும் பச்சையாக இருந்தாலும் இதே நிழல் நிறம் செல்லும். ஒட்டுநிழலுக்கு இதே நிறத்தை நான்கைந்து பிக்சல் அகலத்தில், ஓரம் மங்கலாக, எழுத்தின் அடியைச் சுற்றிலும் மெல்லியதாகத் தடவினால் போதும்.

சுருக்கமாக: நீளம், திசை, நிறம் மூன்றும் போட்டோவிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. மல்டிப்ளை அந்த விகிதத்தைப் புதுப் பரப்புக்குக் கொண்டுபோகும் வாகனம்.

பக்கச்சுவர் எந்தப் பக்கம் தெரியும்?

தெருவில் நின்று மேலே பார்க்கிறோம். எழுத்தின் முன்முகத்தோடு அதன் அடிப்பக்கமும் கொஞ்சம் தெரியும். போர்டின் இடக்கோடியில் உள்ள எழுத்துக்கு வலப் பக்கச்சுவர் தெரியும், வலக்கோடியில் உள்ளதற்கு இடப் பக்கச்சுவர். நடுவில் நிற்பதற்கு இரண்டும் தெரியாது. எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கமாகக் கனத்தைத் தள்ளிவிட்டால் படம் உடனே பொய்யாகிவிடும்.

விதி ஒன்றுதான். நீங்கள் சுவரை நேராகப் பார்த்துப் போட்டோ எடுத்திருந்தால், கேமரா இருந்த இடத்துக்கு நேர் எதிரே, கேமராவின் உயரத்திலேயே, சுவரில் ஒரு புள்ளி இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீட்டும் கோடுகள் எல்லாம் அந்தப் புள்ளியை நோக்கியே சாயும். இதை மறைபுள்ளி என்பார்கள். கடைக்கு நேர் எதிரே நின்று எடுத்திருந்தால் ஷட்டரின் நடுவில், 5 அடி உயரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தெரியும் என்பதும் கணக்குதான். போர்டின் நடு 11 அடி உயரத்தில், கேமரா 5 அடி உயரத்தில், சுவரிலிருந்து 20 அடி தள்ளி என்றால், உயர வித்தியாசம் 6 அடி. 6ஐ 20ஆல் வகுத்தால் 0.3. 2 அங்குல எழுத்தின் அடிப்பக்கம் 0.6 அங்குலம் தெரியும், ஏறத்தாழ 10 பிக்சல். பத்தடியில் நின்று எடுத்தால் இது இரண்டு மடங்காகி, முன்முகத்தைவிட அடிப்பக்கமே கண்ணை இழுக்கும். முடிந்தவரை எதிர்ச்சாரியில் நின்று எடுங்கள். போனில் 0.5 என்று காட்டும் அகல லென்ஸ் கோடுகளை வளைக்கும், அது வேண்டாம்.

ஃபோட்டோஷாப்பில் செய்முறை இது. எழுத்தைப் பக்கச்சுவரின் நிறத்தில் வையுங்கள், அது சுவரைத் தொடும் அடி. ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம் எடுத்து, அதன் மையக்குறியை மறைபுள்ளிக்கு நகர்த்தி, அளவை 100.08 சதவீதமாக்குங்கள். பிறகு கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், டி நான்கையும் சேர்த்து அழுத்தினால் அதே மாற்றத்தோடு ஒரு பிரதி மேலே வந்து உட்காரும். பத்துப் பிரதி வரும்வரை அழுத்தி, கடைசியாக வந்ததற்கு முன்முகத்தின் நிறத்தைக் கொடுத்தால் எழுத்துக்குக் கனம் வந்துவிடும். ஒவ்வோர் எழுத்தின் பக்கச்சுவரும் தானாகவே சரியான திசையில் திரும்பியிருக்கும். 100.08 எங்கிருந்து வந்தது? சுவர் 240 அங்குலம் தள்ளி, முன்முகம் 238 அங்குலம் தள்ளி. 240ஐ 238ஆல் வகுத்து, கூடுதலாக வருவதைப் பத்துப் படிகளாகப் பிரித்தேன்.

நிழல் தொடங்க வேண்டியது முதல் பிரதியின், அதாவது அடியின், விளிம்பிலிருந்து. முன்முகத்திலிருந்து தொடங்கினால் அடிப்பக்கத்தின்மேலேயே நிழல் ஏறிவிடும். மேலிருந்து கீழே வரிசை இப்படி: முன்முகம், 10 பிக்சல் அடிப்பக்கம், அதன் கீழே 50 பிக்சல் நிழல். அடிப்பக்கம் வானத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்ப்பதால் முன்முகத்தைவிட இருட்டாக இருக்கும்.

கோணலாக நின்று எடுத்த போட்டோ என்றால் போர்டையும் நிழலையும் முதலில் தட்டையாக வரைந்து ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றுங்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்பது உள்ளே இருப்பதைக் கெடுக்காமல் வெளியே வளைக்க உதவும் உறை. பிறகு டிஸ்டார்ட் கொண்டு நான்கு மூலைகளையும் சுவரோடு பொருத்துங்கள். நிழல் போர்டின் பரப்பிலேயே கிடப்பதால் அதுவும் சரியாக வளையும். முன்பு ஃபோட்டோஷாப்பிலேயே தனி 3டி மெனு இருந்தது, அடோபி அதைக் கைவிட்டுவிட்டது. முழு 3டி வேண்டுமென்றால் பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேர் பக்கம் போக வேண்டும். ஒரு கடை போர்டுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

போட்டோவோடு கலக்கவிடுதல்

இத்தனையும் செய்தபின்னும் போர்டு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கலாம். வரைந்த சிவப்பு 255, 0, 0 என்று சுத்தமாக இருக்கிறது. தூசும் வெயிலும் உள்ள தெருவில் கேமரா அப்படி ஒரு சிவப்பைப் பார்ப்பதே இல்லை. போட்டோவில் உள்ள மிகக் கருமையான இடத்தையும் மிக வெளுத்த இடத்தையும் தொட்டுப் பாருங்கள். உங்கள் போர்டின் கருப்பும் வெள்ளையும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். வெளிச்ச அளவைத் திருத்தும் லெவல்ஸில் கீழே உள்ள அவுட்புட் பட்டியை நகர்த்தினால் அடங்கிவிடும். போனில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும். போர்டுக்கும் நாய்ஸ் ஃபில்டரில் ஒன்றிரண்டு சதவீதமும், அரை பிக்சல் மங்கலும் கொடுங்கள்.

பிறகு பொருளின் குணம். போர்டின் பின்பரப்புக்குப் போடும் ஏசிபி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட் பெரும்பாலும் 8க்கு 4 அடியில் வருகிறது. அதில் செய்த 10 அடி போர்டில் இணைப்புக் கோடு ஒன்று இருந்தே தீரும், அதைப் படத்திலும் காட்டுவது நேர்மை. பளபளப்பான அக்ரிலிக்கில் எதிர்ச்சாரிக் கட்டடமும் வானமும் மங்கலாகத் தெரியும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எழுத்துக்கு ரெடிமேட் தங்க கிரேடியன்ட், அதாவது நிறம் படிப்படியாக மாறும் பூச்சு, போடுவதைவிட, அதே தெருவின் போட்டோவைத் தலைகீழாகக் கவிழ்த்து, நன்றாக மங்கலாக்கி, எழுத்துக்குள் லேசாக விட்டால் உலோகம் அந்தத் தெருவிலேயே நிற்பது தெரியும்.

இரவுக் காட்சி

இரவில் எழுத்தே ஒளிமூலம் ஆகிவிடுவதால் பகலின் கணக்கு தலைகீழாகிறது. முதல் நிபந்தனை: இரவுக் காட்சிக்கு இரவில் எடுத்த போட்டோ வேண்டும். பகல் போட்டோவை இருட்டாக்கினால் சுவரில் வெயில் நிழல் அப்படியே கிடந்து காட்டிக்கொடுக்கும். சூரியன் மறைந்து அரை மணிக்குள், வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும்போது எடுத்தால் கட்டடமும் தெரியும், விளக்கும் தெரியும்.

முன்முகம் எரியும் எழுத்துக்கு எல்லோரும் ஓரத்தைச் சுற்றி ஒளிவட்டம் தரும் அவுட்டர் குளோ எஃபெக்ட் போட்டு போர்டு முழுக்க வெளிச்சத்தை வழியவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். அக்ரிலிக் முகம் போர்டுக்கு 2 அங்குலம் முன்னால் இருக்கிறது, வெளிச்சம் தெருவை நோக்கிப் போகிறது, பக்கச்சுவர் ஒளிபுகாத தகடு. பின்னால் இருக்கும் போர்டில் அந்த வெளிச்சம் நேராக விழ வழியே இல்லை. அது விழும் இடங்கள் படிக்கட்டு, நடைபாதை, முன்னால் நீட்டியிருக்கும் சன்ஷேடின் அடிப்பக்கம். அங்கே கொஞ்சம் நிறம் தடவுங்கள், போர்டை இருட்டாக விடுங்கள். எழுத்தைச் சுற்றிக் கேமராவில் தெரியும் மெல்லிய ஒளிப்புகை லென்ஸால் வருவது, அதற்கு மிக லேசான குளோ போதும். எரியும் முகத்தின் நிறமும் கேமராவில் சற்று வெளுத்தே விழும்.

பக்கச்சுவரும் அக்ரிலிக்காக இருந்து எரிந்தால் கதை வேறு. அப்போது போர்டில் ஒளி வழியும்.

பின்னொளி எழுத்தில் முகம் இருண்டிருக்கும், எல்இடி வெளிச்சம் பின்னால் போய் போர்டில் பட்டுத் திரும்பும். ஒளி எழுத்தை ஒட்டிய இடத்தில் மிகப் பிரகாசமாகத் தொடங்கி வெளியே தேய வேண்டும். ஸ்பேசர் உயரம் கூடினால் அது அகன்று மங்கும். லேயருக்கு ஸ்கிரீன் மோட் வையுங்கள். அது மல்டிப்ளைக்கு நேர் எதிரானது, கீழுள்ளதை வெளிச்சமாக மட்டுமே மாற்றும். போர்டு பளபளப்பான ஏசிபியாக இருந்தால் நிஜத்தில் ஒவ்வோர் எல்இடியும் தனித்தனிப் புள்ளியாகப் பிரதிபலித்துத் தெரியும். மாக்கப்பில் சீராக ஒளிர்கிற போர்டைக் காட்டிவிட்டு அதைப் பொருத்தினால் வாடிக்கையாளர் கேட்கத்தான் செய்வார். பின்னொளிக்குப் பளபளப்பில்லாத மேட் பரப்பைக் காட்டுங்கள், மேட் பரப்பிலேயே செய்யுங்கள்.

தமிழ் எழுத்தின் தனிச் சிக்கல்கள்

தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களுக்கான 1948ஆம் ஆண்டு விதிகளின்படி பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும். வேறு மொழியும் இருந்தால் தமிழே தூக்கலாகத் தெரிய வேண்டும். ஆகவே மாக்கப்பில் பெரிய அளவில் நிற்கப்போவது தமிழ் எழுத்துதான்.

ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழைத் தட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி உடைந்தால், பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்துவிட்டுப் புது ஃபைல் திறக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, வெட்டுக்குப் போகும் கோரல்டிரா (கோடுகளால் வரையும் சாஃப்ட்வேர்) ஃபைலில் உள்ள அதே எழுத்தைக் கோடாக மாற்றி இங்கே கொண்டுவருவது. படத்தில் ஓர் எழுத்துரு, போர்டில் வேறொன்று என்ற சண்டை வராது. ஏஐ வரைந்து தரும் போர்டுப் படங்களை நான் இதற்குப் பயன்படுத்தாததும் இதனால்தான். அந்தப் படத்தில் உள்ள எழுத்து எந்த ஃபைலிலும் இல்லை, லேசர் மெஷினுக்கு அனுப்ப ஒன்றும் கிடைக்காது.

புள்ளி தனித் துண்டு. ‘ஸ்டோர்ஸ்’ என்ற ஒரே சொல்லில் மூன்று புள்ளிகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கச்சுவர், தனி நிழல் வேண்டும், மேல் எழுத்தின் விழுநிழல் கீழ்வரிப் புள்ளியை விழுங்கிவிடாமலும் பார்க்க வேண்டும். ண, ஞ, ஐ போன்றவற்றில் சுழிகள் நெருக்கமாக இருக்கும். அந்தச் சுழிக்குள் இருக்கும் இடம், சுற்றிலும் 2 அங்குலச் சுவர் எழுந்து நிற்கும் சின்னக் குழி. வெயிலில் அதன் தரை பாதிக்கு மேல் நிழலாகவே இருக்கும். மேலே சொன்ன பட்டை முறையில் வரைந்தால் இது தானாக வந்துவிடும். டிராப் ஷேடோவில் வராது.

எரியும் எழுத்து என்றால் கோட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். உள்ளே எல்இடி மாட்யூல் உட்கார வேண்டும், அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் வேண்டும். ஓர் அங்குலத்துக்கும் குறைவாக மெலியும் வால்களும் சுழிகளும் எழுத்தின் மற்ற பகுதி அளவுக்கு எரிவது கடினம். போர்டு செய்பவரிடம் அவர் வைக்கும் மாட்யூலின் அகலத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்குப் பொருந்தாத மெல்லிய இடங்களை இரவுக் காட்சியில் மங்கலாகவே காட்டுங்கள். அல்லது வாடிக்கையாளரிடம் படத்தை அனுப்புவதற்கு முன்பே தடித்த எழுத்துருவுக்கு மாறிவிடுங்கள்.